ஹூட் முதலில், மூடி பிறகு

லென்ஸ் வாங்குகிறவர்கள் அதன் குணாகுணங்களை மாதக்கணக்கில் விசாரித்து, நாலு பேரிடம் யோசனை கேட்டு, கடைசியில் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்களே தவிர, வேண்டாத வெளிச்சத்தை மறைக்க அதன் முகப்பில் மாட்டவேண்டிய ஹூட்டைப் பற்றியோ மூடியைப் பற்றியோ, கடைக்காரர் பில் போடும்போது "வேறு ஏதாவது வேண்டுமா?" என்று கேட்கிற அந்த நிமிஷம் வரையில் நினைப்பதே இல்லை, அப்போதும் மூடியை மறக்காமல் வாங்கிக்கொண்டு, ஹூட்டை மட்டும் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவருவதே பெரும்பாலோருடைய வழக்கம். பாட்டனார் காலத்துக் காமிராவை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து, அதில் மறுபடியும் ஃபிலிம் போட்டுப் படமெடுக்கிற ஆசை இளைஞர்களிடையே தலையெடுத்திருக்கிற இந்நாளில், அந்த வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தூரத்தை அளந்து காட்டும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற வகைக் காமிராவுக்கு ஹூட்தான் பிரதானம். மூடி இரண்டாம் பட்சம்.

இதற்குக் காரணம் அந்தக் காமிராவின் அமைப்பிலேயே இருக்கிறது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் கம்பெனியார் 1925ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் வெளியிட்ட லைக்கா காமிராவும், தூரத்தை அளக்கும் கருவியை லென்ஸோடு இணைத்து 1932இல் வந்த இரண்டாம் லைக்காவும், 1954இல் வந்து இன்றளவும் கொண்டாடப்படுகிற எம்-3 என்ற மாதிரியும், அவற்றைப் பின்பற்றியும் பின்பற்றாமலும் ஜப்பானியர் செய்த எத்தனையோ காமிராக்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டவை: படமெடுப்பவர் லென்ஸின் வழியாகப் பார்ப்பதில்லை, அதற்குச் சற்று மேலே, இடப்புறமாக இருக்கிற வேறொரு ஜன்னலின் வழியாகப் பார்க்கிறார். ஆகையால் லென்ஸுக்கு நேர்கிற எந்தச் சங்கடமும் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. சூரிய கிரணம் நேரே பாய்ந்து பிம்பம் முழுவதும் வெளுத்துப்போனாலும், பொருந்தாத ஹூட் மூலைகளை இருட்டாக்கினாலும், மூடியைக் கழற்றவே மறந்துபோனாலும், ஜன்னலில் தெரிகிற காட்சி எப்போதும்போல் நிர்மலமாகவே இருக்கும். உண்மை தெரிவது ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான்.

பிம்பம் இப்படி வெளுத்துப்போவது எதனால் என்றால், பூச்சில்லாத வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்குக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். பழைய லைக்காவின் புகழ்பெற்ற எல்மார் லென்ஸில் காற்றைத் தொடுகிற முகங்கள் 6. ஒரு முகத்தில் பட்டுத் திரும்பிய கிரணம் இன்னொரு முகத்தில் பட்டு மறுபடியும் ஃபிலிமை நோக்கி வருவதற்கு அந்த ஆறினுள் 15 ஜோடி மார்க்கங்கள் உண்டு. இப்படி வழிதவறி வந்து சேர்கிற வெளிச்சம் நிழல்களின்மேல் படிந்து கறுப்பைச் சாம்பலாக்கிவிடுகிறது. இதற்குச் சூரியன்தான் எதிரே நிற்கவேண்டுமென்பதில்லை; உச்சிவேளை வானமும், சுண்ணாம்பு அடித்த சுவரும், கடற்கரை மணலுமே போதும். ஜெய்ஸ் கம்பெனியின் விஞ்ஞானி அலெக்ஸாண்டர் ஸ்மக்குலா 1935இல் கண்ணாடியின்மேல் மெல்லிய பூச்சு ஏற்றி இந்தத் தொல்லையை வெகுவாகக் குறைத்தார். யுத்தத்துக்குப் பிறகு அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. 1970களில் பல அடுக்குப் பூச்சும் பரவியது.

"இத்தனை பூச்சு வந்தபின் ஹூட் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் உண்டு. பாட்டனார் லென்ஸில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பூச்சு. அதுவும் பல வருஷங்களாக வேஷ்டித் தலைப்பால் துடைக்கப்பட்டு, டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் வட்டம் வட்டமாகத் தெரிகிற நிலையில் இருக்கக்கூடியது. அந்தக் கீறல் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இன்னொன்று, தோளில் தொங்குகிற காமிரா கதவிலோ பஸ் கம்பியிலோ இடித்தால் அந்த அடியை ஹூட் வாங்கிக்கொள்ளும். இதே பாதுகாப்புக்கென்று பலர் ஃபில்டர் மாட்டிவைக்கிறார்கள். ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் மேலும் இரண்டு கண்ணாடி முகங்களைக் கூட்டுவதுதான் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

ஹூட்டைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் கவனிக்கவேண்டியது அதன் ஆழம். வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்குவது போன்ற காரியம் இது; அதிகமாக இறக்கினால் கூடம் இருட்டு, குறைவாக இறக்கினால் சாரல் உள்ளே வந்துவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸ், படத்தின் மூலைக்கு மூலை சுமார் 47 டிகிரி பார்க்கிறது. 35 மில்லிமீட்டர் லென்ஸோ சுமார் 63 டிகிரி பார்க்கிறது. முன்னதற்குச் செய்த ஆழமான ஹூட்டைப் பின்னதற்கு மாட்டினால் படத்தின் நாலு மூலைகளும் வெட்டுப்படும். ஜன்னலில் இது தெரியாது என்று சொன்னேன். தெரிந்துகொள்ள வேறு உபாயம் உண்டு. ஃபிலிம் போடாத காமிராவின் பின்கதவைத் திறந்து, லென்ஸின் துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கி, ஷட்டரை 'பி' என்ற குறியில் வைத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஃபிலிம் ஓடுகிற சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து லென்ஸின் வழியே சாய்வாகப் பாருங்கள். துவாரம் முழுமையாகத் தெரிந்தால் ஹூட் பொருத்தமானது. கிரஹணம் பிடித்ததுபோல் ஒரு பக்கம் கடிபட்டுத் தெரிந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு நிமிஷ வேலைதான்.

அடுத்தது, ஹூட்டின் பக்கங்களில் வெட்டியிருக்கும் ஜன்னல்கள். அவை அழகுக்காக என்று நினைப்பவர் பலர். லென்ஸ் நடுவிலும் பார்வை ஜன்னல் இடப்பக்கத்து மேல்மூலையிலும் இருப்பதனால், ஹூட் நீட்டிக்கொண்டு நின்றால் காட்சியின் வலப்பக்கத்துக் கீழ்மூலையை மறைத்துவிடும். அந்த மூலையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் அதன் முகம் படத்தில் எப்படி விழுகிறது என்பது நமக்குத் தெரியாது. வெட்டிய ஹூட்டின் இடைவெளி வழியாக அந்த மூலை ஒருவாறு புலப்படும். உட்புறம் மட்டும் பளபளப்பின்றி மங்கிய கறுப்பாக இருக்கவேண்டும். உள்ளே மின்னுகிற ஹூட்டைவிட ஹூட் இல்லாததே மேல். வெளிப்புறமும் மினுங்காமல் அடக்கமாயிருத்தல் நன்று. 1950ஆம் வருஷம் ரமண மகரிஷி சித்தியடைந்த சமயத்தில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான், ஜனங்களின் கண்ணில் படக்கூடாதென்று தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மறைத்துவைத்தவர். சிறியதாயிருப்பதே இவ்வகைக் காமிராவின் சிறப்பு என்கிறபோது, அதன் மூக்கில் பெரிய புனலை மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடப்பதில் என்ன பிரயோஜனம்?

லைட்ஸ் கம்பெனியார் தந்திச் செலவைக் குறைக்கத் தங்கள் சாமான் ஒவ்வொன்றுக்கும் ஐந்தெழுத்துச் சங்கேதப் பெயர் வைத்திருந்தார்கள். எல்மாருக்கான ஹூட்டுக்கு 'ஃபிஸான்' என்று பெயர். இன்று அந்தப் பெயர்களே மந்திரங்களாகி, சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்குவதால், சில பழைய ஹூட்டுகளுக்குக் கேட்கிற விலையில் நல்ல யாஷிகா காமிராவே வாங்கிவிடலாம். இது வீண் செலவு. வெளிச்சத்தை மறைக்கிற வேலையை, அளவு சரியாயிருந்தால், பெயரில்லாத தகர வளையமும் அதே யோக்கியதையோடு செய்யும். எல்மார் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் திருகும் மரை கிடையாது, 36 மில்லிமீட்டர் விளிம்பின்மேல் கவ்வுகிற ஹூட் வேண்டும், துவாரத்தைக் கூட்டிக் குறைக்கிற சிறு நெம்புகோலும் லென்ஸின் முகத்திலேயே இருப்பதால், அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ஹூட்டை மாட்டவேண்டும்.

இனி மூடி. யாஷிகா எலக்ட்ரோ 35 காமிராவில் வெளிச்சத்தை அளக்கிற கண் லென்ஸில் இல்லை, உடம்பின் முகப்பில் இருக்கிறது. ஆகவே லென்ஸை மூடியிருந்தாலும் அது நிதானமாக அளந்து, நிதானமாக ஷட்டரைத் திறந்து, கும்மிருட்டைப் படமெடுத்துக் கொடுக்கும். கேனனெட் க்யூஎல்-17இல் அந்தக் கண் லென்ஸின் வளையத்துக்குள்ளேயே இருப்பதால், தானியங்கி முறையில் வைத்திருக்கும்போது மூடியைக் கழற்றாவிட்டால் பொத்தான் இறங்காமல் அடம் பிடிக்கும். அது பெரிய உபகாரம். ஷட்டருக்குத் துணித் திரை கொண்ட லைக்கா வகைகளின் கதை வேறு. வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பிரதிபலிப்புக் கண்ணாடி ஒன்றும் இடையில் இல்லாததால், திறந்த லென்ஸ் வெயிலை நோக்கிக் கொஞ்ச நேரம் கிடந்தாலே, பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவதுபோல் திரையில் ஊசித்துளை விழும். அவற்றை மேஜைமேலோ பைக்குள்ளோ வைக்கும்போது மூடி அவசியந்தான். கையிலிருக்கும்போது லென்ஸைத் தரையை நோக்கிச் சாய்த்துப் பிடித்தால் போதும்.

லென்ஸின் விளிம்பில் கவ்வுகிற மூடியை விட, ஹூட்டின் வாயை மூடுகிற மூடியே எனக்குச் சம்மதம். ஆழமான ஹூட்டுக்குள் இரண்டு விரலை விட்டுக் கிள்ளி எடுப்பது அவசரத்தில் நடக்கிற காரியமல்ல என்பது ஒருபுறம் இருக்க, ஹூட்டின் வாயில் மூடி இருந்தால் அதன் வெட்டு ஜன்னல்கள் வழியே தெரியவேண்டிய மூலை இருண்டு, கழற்ற மறந்ததை நமக்கு நினைவுபடுத்தும். மூடி தொலையாமலிருக்கக் கயிறு கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. காற்றில் ஆடி அது லென்ஸின் முன்னால் வந்து நின்றாலும் பார்வை ஜன்னலில் தெரியாதாகையால், அந்த யோசனை வேண்டாம். மூடி போட்டுவைத்தால் பூசணம் பிடிக்காது என்று நம்பித் தோல் உறைக்குள் வருஷக்கணக்கில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பூசணத்துக்கு வேண்டியவை ஈரமும் இருட்டுமே, கடலோர ஊர்களில் அந்த உறைக்குள் இரண்டும் தாராளமாகக் கிடைக்கின்றன.

கடைக்குப் போகுமுன் லென்ஸின் முன் மரையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். யாஷிகா எலக்ட்ரோவுக்கு 55 மில்லிமீட்டர், கேனனெட் க்யூஎல்-17 ஜி-3க்கு 48, பிற்கால லைக்கா லென்ஸ்கள் பலவற்றுக்கு 39. அந்த எண்ணைச் சொல்லி, உள்ளே மங்கிய கறுப்பான, ஜன்னல் வெட்டிய ஹூட்டை வாங்கிய பிறகு, அதன் வாய்க்குப் பொருந்துகிற பிளாஸ்டிக் மூடி ஒன்றைக் கிடைக்கிற விலைக்கு வாங்கிக்கொண்டால் போதும்.