எண்ணும் யந்திரமும் ஏன் என்னும் மனிதனும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, சிங்கப்பூரில் நடைபெற்ற உலகச் சதுரங்கச் சம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்திலே, சீனத்து டிங் லிரன் தமது கோட்டையைத் தவறான ஒரு கட்டத்தில் நகர்த்தி வைத்தார். எதிரே இருந்த சென்னை இளைஞர் குகேஷுக்கு அது பிழையென்பது புலப்படச் சில கணங்கள் சென்றன. ஆனால், கணனித் திரைகளின் முன் அமர்ந்து அவ்வாட்டத்தைப் பார்த்திருந்தோர் அனைவரும் அதனை உடனே அறிந்துகொண்டனர். திரையின் ஓரத்தில் யந்திரம் காட்டிய எண் மாறிற்று, அவ்வளவே. கோட்டைகளும் மந்திரிகளும் வெட்டுண்டு போனால், எஞ்சும் அரசர்களையும் காலாட்களையும் கொண்ட இறுதியாட்டம் கறுப்புக்கே வெற்றியாகும் என்ற காரணத்தை அவர்களுள் எத்துணை பேர் அறிந்திருந்தனர் என்பது வேறு வினா. பதினெட்டு வயதில் உலக சம்பியனான குகேஷ் அக்காரணத்தை அறிந்திருந்தார். ஏனையோர் விடையை மட்டும் அறிந்திருந்தனர்.

விடையை அறிதலுக்கும் காரணத்தை அறிதலுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு, சதுரங்கப் பலகையோடு நின்றுவிடும் ஒன்றன்று. நமது பாடசாலைகளின் வாசலுக்கு அது வந்துவிட்டது. ஆதலின் அதனைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது தகும்.

சதுரங்க யந்திரத்தோடு மனிதன் மல்லாடுவது முடிந்துபோன கதை. வினாடிக்கு 20 கோடி நிலைகளைக் கணிக்க வல்ல டீப் புளூ என்னும் யந்திரம், அன்றைய உலக சம்பியன் காஸ்பரோவை 1997ஆம் ஆண்டிலேயே வென்றது. இன்று கைத்தொலைபேசியில் அடங்கும் ஆட்டக்காரனை வெல்ல உலக சம்பியனாலும் இயலாது. இத்தகைய காலத்தில், யந்திரத்தையும் திகைக்க வைக்கும் இறுதியாட்டப் புதிர்களை மக்கள் தேடித் தேடிச் சுவைக்கின்றனர். தோற்றுப்போன இனம் தனக்குத் தேடிக்கொள்ளும் ஆறுதல் இது எனச் சிலர் நகைக்கக்கூடும். புதிர் ஒன்றைப் பலகையிலே அடுக்கிப் பார்த்தபின் அந்நகைப்பு நிலைக்குமா என்பது ஐயமே.

2017ஆம் ஆண்டில் பெரும் பேச்சுக்கு இடமளித்தது, ஆங்கிலக் கணித அறிஞர் ரொஜர் பென்ரோஸின் பெயரால் அமைந்த நிறுவனம் வெளியிட்ட புதிர். 2020இல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றவரும் இவரே. அப்புதிரில் வெள்ளைக்கு உள்ளவை ஓர் அரசனும் நான்கு காலாட்களுமே. கறுப்புக்கோ அரசனோடு அரசி, இரண்டு கோட்டைகள், மூன்று மந்திரிகள், ஐந்து காலாட்கள். பார்த்தமாத்திரத்தில் வெள்ளையின் கதை முடிந்தது என்றே எவருக்கும் தோன்றும். அதனை ஆராய்ந்த சதுரங்க யந்திரங்களும் கறுப்புக்குப் பெருவெற்றி என்றே கணித்தன.

சற்று நிதானித்துப் பார்ப்போம். கறுப்பு அரசனும் அரசியும் கோட்டைகள் இரண்டும், தம் காலாட்களுக்கும் வெள்ளைக் காலாட்களுக்கும் இடையே, பலகையின் ஒரு மூலையில் நெருக்குண்டு கிடக்கின்றன. அவற்றுள் எதுவும் அசைய இயலாது. அசையக்கூடியவை மந்திரிகள் மட்டுமே. மூலைவிட்டமாகவே செல்லும் மந்திரி, தான் நிற்கும் கட்டத்தின் நிறத்தை ஒருபோதும் மாற்றுவதில்லை என்பதை ஆடத் தெரிந்த சிறுவனும் அறிவான். இங்கே மூன்று மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில் நிற்கின்றன. வெள்ளைக் காலாட்கள் நான்கும் வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. ஆகவே அக்காலாட்களுக்கு மந்திரிகளால் எக்காலத்தும் தீங்கில்லை. வெள்ளை அரசனும் பலகையின் திறந்த வெளியிலே, வெள்ளைக் கட்டம்விட்டு வெள்ளைக் கட்டமாக உலவி வருவானாயின், அவனைத் தீண்டவும் வழியில்லை. அவன் வழியை அடைக்கவும் வழியில்லை. காலாள் நகராமலும் காய் வெட்டுண்ணாமலும் ஐம்பது நகர்வுகள் சென்றால் ஆட்டம் சமநிலை என்பது விதி. எனவே இது சமநிலையே. வெள்ளை செய்யாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் கோட்டைகளைத் தன் காலாளால் வெட்ட ஆசைப்படலாகாது. ஆசைப்பட்டால் அடைபட்ட சேனைக்கு வாயில் திறந்துவிடும்.

யந்திரம் இங்கே தடுமாறுவதேன்? பேலியகொடை மீன் சந்தையிலே தராசைப் பார்த்திருப்போர்க்கு விளங்கும். தராசு மீனின் எடையைக் காட்டும். மீன் இன்று வந்ததா, மூன்று நாள் பழையதா என்பதைக் காட்டாது. அதற்கு, செவுளைத் தூக்கிப் பார்க்கும் கை வேண்டும். சதுரங்க யந்திரமும் முதலிலே காய்களின் எடையைக் கூட்டுகிறது. பின்பு வழிகளை ஆயிரமாயிரமாக விரித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு வழியின் முடிவிலும் கறுப்பின் செல்வம் குறையாமலே இருக்கக் கண்டு, வெற்றி என்கிறது. மனிதனோ அவ்வழிகளுள் ஒன்றையேனும் முடிவுவரை நடந்து பார்ப்பதில்லை. நிறத்தை நோக்கி, "ஒருபோதும் இயலாது" என்று ஒரே வாக்கியத்தில் எல்லா வழிகளையும் அடைத்துவிடுகிறான். புதிர் தரும் இன்பம் இந்த ஒரு வாக்கியத்திலே இருக்கிறது.

பென்ரோஸின் தம்பி ஜொனதன் பத்து முறை பிரித்தானிய சம்பியனானவர். 1960ஆம் ஆண்டு லைப்சிக் ஒலிம்பியாட்டிலே, அப்போது உலக சம்பியனாயிருந்த மிகயில் தாலைத் தோற்கடித்தவரும் அவரே. அந்தத் தாலின் பெயரோடு இன்னொரு புதிரும் இணைந்து நிற்கிறது. 1987இல் பிரசல்ஸ் நகரப் போட்டியொன்றின்போது, ஆங்கிலேயரான பிளாஸ்கெட் ஒரு புதிரை வல்லுநர்முன் வைத்தார். ஒல்லாந்தர் ஒருவர் இயற்றியது அது. பலரும் திகைத்திருக்க, தால் பூங்காவிலே சிறிது உலாவி வந்து விடை சொன்னார் என்பர். அரும்பாடுபட்டுப் பெற்ற அரசியை வெள்ளை உடனே பலிகொடுக்கிறது. பின்பு எஞ்சிய ஒரே மந்திரியை ஆரவாரமின்றி ஒவ்வோரடியாக நகர்த்தியே கறுப்பரசனை வளைத்துவிடுகிறது. அதே தாலின் பெயரால் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய கழகத்திலேதான், இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மனுவேல் ஆரோனின் வழிகாட்டலில் ஒரு தலைமுறை ஆடப் பழகிற்று. சிறுவன் விசுவநாதன் ஆனந்தும் அங்கே ஆடியவர்.

இவ்விடத்தில் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யந்திரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பிளாஸ்கெட் புதிரை இன்றைய யந்திரங்களுள் ஒன்று விடுவித்ததையும், வேறுவகையில் அமைந்த மற்றொன்று விடுவிக்க மாட்டாமற் போனதையும் 2022இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டுகிறது. யந்திரம் தோற்பதனாலேதான் புதிருக்கு மதிப்பென்று கொள்வோமாயின், அம்மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்து ஒருநாள் அற்றுப்போகும்.

மறுபுறத்தையும் காண்போம். பலகையில் அரசர்கள் உட்பட ஏழு காய்களே எஞ்சியுள்ள நிலைகள் அனைத்துக்கும் யந்திரங்கள் முடிவு கண்டு, அட்டவணையாக்கி வைத்திருக்கின்றன. அவற்றுள் சில நிலைகளில் வெற்றி உறுதி. ஆயின் அதை எட்ட ஐந்நூறுக்கு மேற்பட்ட நகர்வுகள் வேண்டும். இருநூறாவது நகர்வில் குதிரை ஏன் இங்கே செல்லாமல் அங்கே செல்கிறது என்று கேட்டால், அட்டவணையிடம் பதிலில்லை, வல்லுநரிடமும் இல்லை. அங்கே ஐயமற்ற விடை இருக்கிறது. பிறருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் இல்லை. பென்ரோஸின் புதிரிலோ பெருங் கணக்கு எதுவுமின்றியே காரணம் கைவசமாகிறது. அதனைப் பத்து வயது மாணவனுக்கும் ஐந்து நிமிடத்தில் கைமாற்றிவிடலாம். அறிவு என்று நாம் போற்றி வந்தது இவ்விரண்டனுள் எதனை?

தமிழ் மரபு இவ்வினாவுக்கு என்றோ விடை கூறிவிட்டது. இறையனார் களவியல் உரை தொடக்கமாக நம் உரையாசிரியர்கள் கடாவும் விடையுமாகவே நூற்பொருளை விரித்தனர். அற்றேல் அது ஏன், அங்ஙனமாயின் இது எங்ஙனம் என்று வினவி வினவித் தெளிந்த பொருளையே மாணாக்கனுக்கு உரியதெனக் கருதினர்.

இன்றோ வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, மாலை வகுப்புகளில் நம் பிள்ளைகள் மாதிரி வினாத்தாள்களோடு போராடுகின்றனர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சை முதலாகப் பல்தேர்வு வினாக்கள் அவர்களை விடையின் கீழ்க் கோடிடவே பழக்குகின்றன. இப்போது கட்டுரையையும் கணக்கையும் கேட்டவுடன் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதனைத் தடைசெய்வது எளிதன்று, தடைசெய்தாற் பயனுமில்லை. விடைக்கு மட்டுமே புள்ளி வழங்கும் வரையில், விடையை விரைந்து தருவதையே மாணவன் நாடுவான்; அதில் அவன்மீது குற்றமில்லை.

சதுரங்கக் கழகம் உள்ள பாடசாலை எதுவும் இப்புதிரை நாளையே அடுக்கி வைக்கலாம். யந்திரத்தின் தீர்ப்பையும் அருகில் எழுதி வைக்கலாம். பின்பு மாணவர்களிடம், "யார் வெல்வார்?" என்று கேளாது, "ஏன் எவரும் வெல்லார்? இரண்டு வாக்கியங்களில் எழுதுக" என்று கேட்கலாம். அவ்விரண்டு வாக்கியங்களை எழுதிய மாணவன், யந்திரம் தரும் விடையை இனிக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டான்; காரணமின்றித் தள்ளவும் மாட்டான். ஆசிரியர் அவனுக்குத் தரவேண்டிய புள்ளி அதற்கே.