பிரிவு 295-சி

கிறிஸ்தவர்கள் துன்புறும் தேசங்கள் இன்று பல. வட கொரியாவில் அரசாங்கமே அவர்களை வேட்டையாடுகிறது, வட நைஜீரியாவில் ஆயுதக் கும்பல்கள் வேட்டையாடுகின்றன. பாகிஸ்தானிலோ சட்டப் புத்தகமே பகைவர் கைக்கு ஆயுதமாய்ப் போய்விடுகிறது.

2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பஞ்சாபில், வெயிலில் ஃபால்ஸா பழம் பறித்துக்கொண்டிருந்த கூலிப் பெண்கள், கிறிஸ்தவப் பெண்ணான ஆசியா பீபி கொண்டுவந்த தண்ணீரைத் தீட்டென்று மறுக்க (இவ்வழக்கத்தை நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை), அதில் மூண்ட வாய்ச்சண்டை, ஐந்து நாள் கழித்து, நேரில் எதையும் காணாத உள்ளூர் மதகுரு ஒருவர் கொடுத்த புகாரால் நபிகள் நாயகத்தை நிந்தித்த குற்றமாக உருமாறி, மறு ஆண்டு நவம்பரில் மரண தண்டனையாக முடிந்தது.

வெள்ளைக்காரர் வைத்துப்போன சட்டந்தானே என்று சமாதானம் சொல்வார் உண்டு. 1927-ல் அவர்கள் இயற்றிய 295-ஏ பிரிவு, துர்எண்ணத்தோடு வேண்டுமென்றே நிந்தித்ததாக ருசுப்படுத்தினாலொழிய எவரையும் தண்டிக்க இடந்தரவில்லை; ஜெனரல் ஜியாவின் ஆட்சியில் 1986-ல் சேர்ந்த 295-சி பிரிவோ அந்த நிபந்தனையைக் கைவிட்டு, ஜாடையாகச் சொன்ன சொல்லுக்கும் மரண தண்டனை விதிக்க வழி திறந்தது.

அச்சட்டத்தைக் கண்டித்த பஞ்சாப் கவர்னர் சல்மான் தாசீர் 2011 ஜனவரியில் தம் மெய்க்காவலனாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்; அக்கொலைகாரனை நியாயஸ்தலத்துக்குக் கொண்டுவந்தபோது ரோஜா இதழ் தூவி வரவேற்றவர்கள், சட்டம் படித்த வக்கீல்கள்! இரண்டே மாதத்தில் கிறிஸ்தவ மந்திரி ஷாபாஸ் பட்டியும் பலியானார். தாசீர் முஸ்லிம் என்பதை, இதை இரு மதங்களின் சண்டையாக வர்ணிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சாட்சியங்களின் முரண்பாட்டையும் புகாரின் தாமதத்தையும் எடுத்துக்காட்டி, 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் ஆசியாவை விடுதலை செய்தது. நீதிபதிகளின் தைரியம் போற்றத்தக்கதே. ஆயினும் நிரபராதியென்று தீர்ப்புப் பெற்றவர் சொந்த தேசத்தில் வாழ முடியாமல் கனடாவுக்குப் போனார். 2023 ஆகஸ்டில் ஜரன்வாலாவில், குர்ஆனை அவமதித்ததாகக் கிளம்பிய புகாரைப் பற்றிக்கொண்டு, இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களை ஒரே நாளில் ஜனக்கும்பல் சூறையாடிக் கொளுத்தியது.

மரண தண்டனையை நீக்கக் கோரி, ஷெர்ரி ரஹ்மான் என்ற முஸ்லிம் மாது 2010-ல் பார்லிமெண்டில் கொண்டுவந்த திருத்த மசோதா, அவருடைய கட்சியே அஞ்சிப் பின்வாங்கியதால் வாபஸாயிற்று. அம்மசோதாவை மறுபடியும் எடுத்து நிறைவேற்றுவதே, சிறுபான்மையோரைக் காப்பதாக வாக்களிக்கும் பாகிஸ்தான் சர்க்காரின் முதற்கடமை.