பூட்டும் அயலும்

வீட்டைப் பூட்டாமல் வயலுக்குப் போன காலம் ஒன்று இருந்தது என்று நாம் எல்லோரும் சொல்கின்றோம். அது பொய்யல்ல. படலைக்கு ஒரு கயிற்று வளையம் இருந்தது. அதுவும் மாட்டுக்காகத்தான், மனிதருக்காக அல்ல. கலப்பை வரம்பிலே கிடக்கும், மண்வெட்டி கிணற்றடியில் கிடக்கும். வெட்டிய நெல் மிதிக்கும் நாள்வரை வெளியிலே சூடாக நிற்கும். வீட்டுக்குத் திறப்பு என்று ஒன்று இருந்தால் அது கூரை இறப்பில் செருகப்பட்டிருக்கும். அது எங்கே இருக்கின்றது என்பது அயலெல்லாம் அறிந்த இரகசியம்.

ஆனால் அன்று எல்லோரும் நல்லவர்களாக இருந்தபடியால்தான் களவு இருக்கவில்லை என்றால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தேங்காய்க் கள்ளனும் கோழிக் கள்ளனும் அன்றும் இருந்தார்கள். மாட்டுக்குக் குறி சுட்டது அழகுக்காகவா? வீட்டைக் காத்தது மனிதரின் கண். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. அதனூடாக நெருப்புத் தணலும் ஒரு கோப்பை கறியும் வந்து போயின. கூடவே பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து போனார். ஒழுங்கையில் புதிய முகம் ஒன்று தெரிந்தால், "ஆரைத் தம்பி தேடுறியள்?" என்று அவருடைய குரல் கேட்கும். அந்தக் கேள்விதான் எங்கள் பூட்டு.

அயல் முழுவதும் ஒரே நாளில் எழுந்து போனால் அந்தக் கேள்வியைக் கேட்க யார் இருப்பார்கள்? 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களில் பலர் கதவைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, திறப்பை மடியில் முடிந்துகொண்டே தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். 1996 இல் திரும்பியபோது பலரிடம் திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியவர்களில் பலர் இருபது, இருபத்தைந்து வருடங்களின் பின்னரே தம் காணியை மிதித்தார்கள். ஓடு இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டார்கள். எல்லாக் காணியும் இன்னும் விடுபட்டுவிடவில்லை.

இந்த இடத்தில் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, 1990 இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்களுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கொடுத்து விடுதலைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். அவர்களும் கதவும் யன்னலும் உள்ள வீடுகளைத்தான் விட்டுப் போனார்கள். எமது வீடுகள் வெறுமையானதற்கு ஆயுதம் வைத்திருந்தவரை மட்டும் குற்றம் சொல்லுவது எளிது. ஆளில்லாத வீட்டின் அம்மியையும் நிலையையும் வண்டியில் ஏற்றியவர்களில் எம்மவரும் இருந்தனர். "நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுப்பான்" என்பதே அன்று சொல்லப்பட்ட நியாயம். அந்தப் பொருட்களில் சில இன்றும் எங்கள் கிராமங்களில் பாவனையில் இருக்கின்றன.

இன்று மீளக்குடியமர்ந்த ஒழுங்கைகளைப் பாருங்கள். ஒரு வீட்டில் விளக்கெரிந்தால் அடுத்த இரண்டு மூன்று வளவுகள் பற்றையாகக் கிடக்கின்றன. சொந்தக்காரர் கனடாவிலோ, தமிழ்நாட்டு முகாமிலோ, நகரத்து வாடகை வீட்டிலோ இருக்கின்றார். சிலர் உயிரோடு இல்லை. நடுவே பிள்ளைகளோடு தனித்திருக்கும் ஒரு பெண். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா கிடைத்தது. சுவரும் கூரையும் எழும்புமுன்னே காசு முடிந்தவர்கள் உண்டு. வாசலில் சேலையோ தகரமோ தொங்கியது. அவருக்கு முன்னால் நின்று அந்தக் காலத்தில் பூட்டே இருக்கவில்லை என்று பெருமை பேசுவது கொடுமை. உள்ளிருந்து தாழிடக்கூடிய ஒரு கதவே அவருக்கு முதலில் வேண்டும். பூச்சும் யன்னலும் அடுத்த போகம் வரை பொறுக்கலாம், கதவு பொறுக்காது.

தோட்டக்காரர் நீரிறைக்கும் இயந்திரத்தை இப்போது இரவிலே சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரவேண்டியிருக்கின்றது. அதில் பொறித்துள்ள இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். களவு போனபின் பொலிஸில் முதலில் கேட்பது அதைத்தான். காணி உறுதியினதும் அனுமதிப்பத்திரத்தினதும் பிரதிகளை வேறு ஊரில் உள்ள உறவினர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பெட்டிக்குள் பூட்டி வைத்த ஒரே பிரதி பெட்டியோடு போன கதை எமக்குப் புதிதல்ல.

பூட்ட முடியாத பொருள் காணி. வேறொருவரின் தனியார் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம் என்பது எமது நாட்டுச் சட்டம். போரினால் தம் காணிக்குப் போகமுடியாதிருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாதிருக்க அது வழி செய்தது. ஆனால் வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடரவேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. முகாமிலும் வெளிநாட்டிலும் இருந்தவர் எத்தனை பேர் அதை அறிந்தார்கள்? எனவே, ஆளில்லாத வளவின் வேலியை ஒரு கதியால் அளவு தள்ளிப்போடுகின்றவர், அம்மி எடுத்தவரைவிடப் பெரிய களவைச் செய்கின்றார். அதைப் பார்த்துக்கொண்டு பேசாதிருக்கின்ற அயலுக்கும் அதில் பங்குண்டு.

எமது ஒழுங்கையில் ஒரு குடும்பம் இன்னும் வரவில்லை. நாலு வீட்டார் சேர்ந்து அந்தக் கிணற்றடிப் பற்றையை இடைக்கிடை வெட்டுகின்றோம். வேலி விழுந்த இடத்தில், பழைய கதியால் நின்ற குழியிலேயே புதியதை நட்டோம். தேங்காய் விற்ற காசு ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருக்கின்றது. அவர்கள் தொலைபேசியில் பேசும்போது காசைப்பற்றிக் கேட்பதில்லை. கிணற்றில் தண்ணீர் எந்தப் படிவரைக்கும் நிற்கின்றது என்றுதான் கேட்கின்றார்கள்.