பெண்ணுக்கு மாத்திரம் அரை மருந்தா?

போதைப் பழக்கத்திற்கு வைத்தியம் செய்துகொண்டவர் மறுபடியும் அதில் விழாதிருக்க, யோக்கியமான வேலையும் கையில் சொந்தக் காசும் பெருந்துணை என்பது வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட சங்கதி. அந்தத் துணை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் கிடைக்கின்றதா என்று கேட்கின்றோம்.

2019-ல் இந்திய சர்க்கார் வெளியிட்ட கணக்குப்படி, குடிப்பவர்கள் ஆண்களில் 100-க்கு 27.3, பெண்களில் 1.6. “பெண்கள் சொற்பந்தானே” என்பார்கள். சொற்பம் என்ற சாக்கிலேயே விடுதியும் தொழிற்பயிற்சியும் ஆணை உத்தேசித்து அமைக்கப்படுகின்றன. உலகத்திலோ, போதைப்பொருள் உபயோகிப்போரில் மூன்றிலொருவர் பெண்; வைத்தியம் பெறுவோரில் ஐந்திலொருவரே பெண் என்று சர்வதேச போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் தன் 2016-ம் வருஷ அறிக்கையில் சொல்லிற்று.

ஆண் குணமாகித் திரும்பினால், “திருந்திவிட்டான், வேலை கொடுங்கள்” என்று ஊரார் சிபார்சு செய்கின்றார்கள். பெண் திரும்பினாலோ “குடிகாரி” என்ற பட்டமும் அடுப்பங்கரையுந்தான். மிஞ்சினால் ஒரு தையல் மிஷின். ஆணுக்கு வைத்தியத்தோடு தீரும் பழி பெண்ணுக்கு மாத்திரம் தீராதென்பது எந்த வைத்திய சாஸ்திரம்?

கைக்குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு அவள் தொழில் பழக வருவாள்? காசில்லாதவள் அடிக்கின்ற புருஷன் வீட்டிற்கல்லாமல் வேறெங்கே போவாள்? ஆகவே குழந்தைக் காப்பகமும், அவளே தெரிந்தெடுக்கும் தொழிலும், சமமான கூலியும் தர்மமல்ல; வைத்தியத்தின் பாகமேயாகும். அரை மருந்து கொடுத்துவிட்டு, நோய் தீரவில்லையென்று அவளைப் பழிப்பது யோக்கியமாகுமா?