பெட்டி கத்தினால் வாயை அடைக்காதீர்கள்!

ஊறுகாயில் பூஞ்சை பிடித்தால் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்து விடுவோம். வீட்டுப் படங்கள் கெட்டுப் போனால்? அது தெரியாமல் நான் பட்ட பாட்டைத்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் டி.வி. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. 'நாஸ்' என்று பெயர். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். போனில் எடுக்கிற படம், வீடியோ எல்லாம் அதில் போய்ச் சேர்ந்துவிடும். "ஒரே படத்தை ரெண்டு டிஸ்க்கிலேயும் எழுதி வச்சுடும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். இனிமே கவலையே இல்லை" என்றார் என்னவர், வாங்கி வந்த அன்று. நானும் நம்பிவிட்டேன்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி அந்தப் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தியது. பெண்ணுக்கு மறுநாள் பரீட்சை. நான்தான் சத்தத்தை நிறுத்துகிற பொத்தானை அமுக்கினேன். ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. படங்கள் வழக்கம்போல வந்தன. அப்புறம் மறந்தே போனேன்.

போன மாதம் மாமியாரின் முதல் வருஷத் திதி. கடைசி தீபாவளிக்கு லேகியம் கிளறியபடியே பேத்திக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார்களே, அந்த வீடியோவைப் பார்க்கலாம் என்று திறந்தேன். வரவில்லை. பெட்டிக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை!

"அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்க்கலாம்" என்றார் இவர். "டிஸ்க்கை ஃப்ரீஸர்ல வச்சா சரியாயிடுமாம்" என்றான் பையன். நல்லவேளை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற என் அண்ணா பிள்ளைக்குப் போன் போட்டேன். "அத்தை, முதல்ல ஸ்விட்சை அணைங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றான்.

சாயங்காலம் வந்து விளக்கினான். டிஸ்க்குக்குள் பளபளவென்று தட்டு ஒன்று நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறதாம். அதன்மேல் படாமல், தலைமயிரின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஒரு முனை பறக்கிறதாம். அது தட்டில் உரசினால் எழுதியிருப்பதெல்லாம் சுரண்டப்பட்டுவிடும். பழுதான டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது புண்ணைச் சொறிகிற மாதிரி. ஃப்ரீஸரில் வைத்தால் ஈரம் கோத்து இன்னும் மோசமாகும். வீட்டில் திருகைக் கழற்றித் திறந்தால் ஒரு தூசியே போதும், பாழாக்க.

மூன்று மாதம் முன்பு பெட்டி கத்தியது, முதல் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லத்தான்! அன்றே மாற்றியிருந்தால் இந்த வினை இல்லை. அது சுற்றவே இல்லை. இரண்டாவது டிஸ்க் சுற்றியது. சில இடங்களில் மட்டும் திக்கியது. "சத்தம் நிக்காம வந்தா நான் தொட மாட்டேன். தூசியில்லாத அறை வச்சிருக்கிற லேபுக்குத்தான் போகணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தான்.

முதலில் கழற்றும்போதே 1, 2 என்று டிஸ்க்கில் எழுதி ஒட்டினான். பிறகு லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச புரோகிராமைப் போட்டு, பழுதான டிஸ்க்கை அப்படியே ஒரு புது டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தான். நாம் தேங்காய் துருவுகிறோமே, அதே முறைதான்: முதலில் சுலபமாக வருவதை எடுத்துக்கொண்டு, ஓட்டோடு ஒட்டியதைக் கடைசியில் சுரண்டுவது. இரண்டு ராத்திரி ஆயிற்று. தேடுவதெல்லாம் அந்தப் பிரதியில்தான்; மூலத்தை அப்புறம் தொடவே இல்லை.

பெண்ணின் பள்ளி ஆண்டு விழாப் படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன. சில வரவே இல்லை. ஆனால் மாமியாரின் குரல் வந்துவிட்டது. இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் கற்றுக்கொண்டதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்:

1. பெட்டி கத்தினாலோ, விளக்கு நிறம் மாறினாலோ அன்றே கவனியுங்கள். முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டுப் பிறகு புது டிஸ்க் போடுங்கள். புதியதை நிரப்ப, அதே வயதுள்ள மற்ற டிஸ்க் முழுவதும் ஓட வேண்டும். அப்போது அதுவும் படுத்துவிடலாம்.

2. இந்த டிஸ்க்கைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் மாட்டினால் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். அதற்கு இதன் எழுத்து புரியாது. 'சரி' என்று அமுக்கிவிடாதீர்கள்!

3. லேபில் கொடுக்குமுன், என்ன செலவு, மீட்க முடியாவிட்டாலும் கட்டணம் உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

4. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது தனிப் பிரதி ஆகாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். மின்னல் தாக்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று பிரதி, இரண்டு விதச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். இதுதான் கணக்கு.

எங்கள் பிரதி ஒன்று இப்போது என் தங்கை வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு நடுவே இருக்கிறது. லேகியத்தின் அளவை வீடியோ பார்த்து நோட்டிலும் எழுதிவிட்டேன். அதுவும் ஒரு பிரதிதானே! வரட்டுமா?