பொம்மை ரயில் என்று சொல்லாதீர்கள்

ஊட்டி ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் பக்கத்துப் படித்தவர்களே இரண்டு விஷயம் சொல்கிறார்கள். ஒன்று, "அது பொம்மை ரயில் சார்." இன்னொன்று, "அந்தக் கிழட்டு எஞ்சினை மியூசியத்தில் வைத்துவிட்டு டீசல் போட வேண்டியதுதானே?" இரண்டையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பொம்மை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி மேலே ஏறுமா? மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சாதாரணப் பாதை. கல்லாறு முதல் குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த பட்டை ஓடுகிறது. 1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் போட்ட பாதை. இதற்காக 'எக்ஸ்' வகை எஞ்சின்களை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலை 1914 முதல் செய்து அனுப்பியது. அவை காம்பவுண்ட் எஞ்சின்கள்.

காம்பவுண்ட் என்றால் என்ன என்று டெல்டாக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேல் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் வடிந்து கீழ் வயலுக்கும் பாய்கிறதல்லவா, அதுதான். சாதாரண எஞ்சினில் நீராவி ஒரு சிலிண்டரில் பிஸ்டனைத் தள்ளிவிட்டுப் புகைபோக்கி வழியே போய்விடும். அதில் இன்னும் வேகம் மிச்சம் இருக்கும். காம்பவுண்டில் அதே நீராவி இரண்டாவது சிலிண்டருக்குப் போய் இன்னொரு வேலை செய்துவிட்டுத்தான் வெளியேறும்.

ரயிலில் இதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியவர் அனதோல் மலே. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இங்கிலீஷ்காரர் மாதிரி 'மேலெட்' என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சுவிஸ்காரரான அவர் பிரான்சில் வேலை பார்த்தார். 1876-ல் பயோன் - பியாரிட்ஸ் சிறு ரயில் பாதையில் அவருடைய எஞ்சின்கள் ஓடின. அதைப் பார்த்து ஜெர்மனியில் ஹனோவரில் ஃபொன் போரீஸ் என்ற எஞ்சினியர் 1880-ல் பிரஷ்ய அரசு ரயில்வேக்கு இரண்டு சிலிண்டர் காம்பவுண்டைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சங்கடம் இருந்தது. வண்டி புறப்படும்போது இரண்டாவது சிலிண்டருக்கு நீராவியே இருக்காது. முதல் பிஸ்டன் கோளாறான இடத்தில் நின்றிருந்தால் வண்டி நகராது. புறப்படும் நேரத்துக்கு மட்டும் பாய்லர் நீராவியைக் கொஞ்சம் அழுத்தம் குறைத்து இரண்டாவது சிலிண்டருக்கு நேரே அனுப்பும் வால்வு ஒன்றை அமைத்து அவர் அதைத் தீர்த்தார்.

"அந்த ஜெர்மானியரே பிற்பாடு காம்பவுண்டைக் கைவிட்டார்களே" என்று விவரம் தெரிந்தவர் கேட்பார். பாதி உண்மை. நீராவியை மேலும் சூடாக்கும் ஷ்மிட்டின் முறை வந்தபின், பிரஷ்யாவில் கார்பே என்பவர் இரட்டை வேலையே வேண்டாம் என்றார். 1906-ல் வந்த அவருடைய பி 8 எஞ்சின் 3,000-க்கும் மேல் செய்யப்பட்டது. ஆனால் பக்கத்து பவேரியாவில் 1908-ல் வந்த எஸ் 3/6 நான்கு சிலிண்டர் காம்பவுண்டை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்துகொண்டே இருந்தார்கள். ஒரே நாட்டில் இரண்டு தீர்ப்பு. எந்த நிலத்துக்கு எந்த நெல் என்பது போலத்தான் எஞ்சினும். தஞ்சாவூர் - திருச்சி சமதரைக்கு நமக்குக் காம்பவுண்ட் தேவைப்படவில்லை. நீலகிரிக்குத் தேவை.

ஏன் தேவை? மலையில் எஞ்சின் தன் நிலக்கரியையும் தண்ணீரையும் தானே சுமந்து ஏறவேண்டும். மிச்சம் பிடித்த ஒவ்வொரு கூடையும் லாபம். அதைவிட அழகு இன்னொன்று. எக்ஸ் எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். அதிலிருந்து வரும் நீராவி மறு ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். சமதரையில் இரண்டாவது ஜோடிக்கு ஓய்வு. ஏற்றத்தில் சாதாரணச் சக்கரம் வழுக்கினால் அந்த ஜோடி வேகமாக நீராவியைத் தள்ளும். அந்த நீராவி முழுவதும் பல்சக்கரத்துக்குப் போய் அதன் பலம் கூடும். சறுக்குகிறவனைப் பக்கத்தில் இருப்பவன் தானாகவே தாங்குவது மாதிரி. இதையா பொம்மை என்கிறீர்கள்?

டீசலால் பல் பாதையில் ஏற முடியாதா? முடியும். ஆனால் இந்த எஞ்சின்களைச் செய்த அதே சுவிஸ் தொழிற்சாலைதான், பல்சக்கர மலைப்பாதைகளுக்கு 1992-ல் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது. அவர்களுக்கு டீசல் தெரியாதா?

நமக்கும் கைவசம் வித்தை இருக்கிறது. பூதலூரில் மேற்கே போகும் ரயிலில் ஏறி, திருவெறும்பூர் தாண்டினால் பொன்மலை. அங்குள்ள பணிமனையில் 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் எஞ்சின்களைச் செய்தார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் புதிய எஞ்சினையும் செய்து வெளியே விட்டார்கள். வெள்ளைக்காரன் கொடுத்ததை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம் என்று இனியும் யாரும் சொல்ல முடியாது.

"செலவு?" என்பீர்கள். ஆகும். கல்லணையும் பழசுதான். அதை மியூசியத்தில் வைக்கச் சொன்னோமா? பழுது பார்த்துப் பார்த்துப் பாசனத்துக்கு வைத்திருக்கிறோம். அணைக்கு ஒரு நியாயம், எஞ்சினுக்கு ஒரு நியாயமா?

நான் ஆபீசில் ஆயுள் முழுக்கக் கோப்பு புரட்டியவன். வேலை தெரிந்தவர் ரிடையராகிப் போனால் அடுத்த நாள் மேஜையில் கோப்பு இருக்கும், குறிப்பும் இருக்கும். அதைப் புரிந்துகொள்கிற ஆள் இருக்கமாட்டார். பொன்மலைக்கும் அந்த நிலை வரக்கூடாது. வரைபடம் இருந்தால் போதாது. அந்த பாய்லரில் ரிவெட் அடித்தவர் பக்கத்தில் இருபது வயதுப் பையன் நின்று கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வருஷாவருஷம் ஆள் எடுக்க வேண்டும், எஞ்சினும் மலையேற வேண்டும். ஓடாத எஞ்சினைப் பழுது பார்க்க யாரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே அடுத்த தடவை பேரப்பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப் போகும்போது, மேட்டுப்பாளையத்தில் வண்டியின் பின்பக்கம் போய் நில்லுங்கள். எஞ்சின் அங்கேதான் இருக்கும், தள்ளிக்கொண்டு ஏறுவதற்கு. அந்த நான்கு சிலிண்டரையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மேல் வயல், கீழ் வயல் கதையைச் சொல்லுங்கள். பொம்மை என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.