கயித்தைப் பாத்துட்டு வாடகை பேசுங்க

புயல் ஓய்ஞ்ச மறுநாள் எங்க புதுச்சேரியில எல்லாரும் தேடுறது மரம் அறுக்கிற ஆளையும், இழுக்கிற டிராக்டரையும்தான். 2011 டிசம்பர் 30ல தானே புயல் வந்தப்ப பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பா சாஞ்சுது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரிகிட்ட கரையேறினப்பவும் மரம் இழுக்கிற வேலைதான். மணிக்கு எவ்வளவு வாடகைன்னு கேக்குறோம். எந்தக் கயித்தால இழுப்பீங்கன்னு யாரும் கேக்கிறதில்லை. என்னைக் கேட்டா முதல்ல கேக்க வேண்டியது அதைத்தான்.

எனக்கு வீடு வைத்திக்குப்பம், நிலம் பாகூர்ப் பக்கம். இங்க கடற்கரையில படகு இழுக்கிறவங்க நைஞ்ச கயித்தைத் தொட்டுப் பாத்ததுமே ஒதுக்கிடுவாங்க. தோப்புப் பக்கம் போனா, கிரேன்ல தேஞ்சு கழிச்ச கம்பிக்கயித்தை எடைக்கு வாங்கி வந்து மரத்துல சுருக்குப் போடுறாங்க. கிரேனுக்கே ஆகாதது இதுக்கு மட்டும் எப்படி ஆகும்?

கணக்கு இதுதான். ரெண்டடி குறுக்களவு, 13 அடி நீளம் உள்ள பச்சை மாமரத் துண்டு ஒரு டன்னை நெருங்கும். 12 மில்லிமீட்டர் புதுக் கம்பிக்கயிறு சுமார் 7 டன்னுல அறும். அதுல அஞ்சுல ஒரு பங்குதான் பாதுகாப்பான பாரம். சுருக்காப் போட்டா இறுகுற இடத்துல கயிறு மடங்குறதால அதுலயும் கால் பங்கு குறையும். மிச்சம் ஒரு டன்தான். துண்டு ஒரு அடிக்கட்டையில மாட்டி, டிரைவர் வெடுக்குன்னு இழுத்தா அந்தக் கணக்கும் நிக்காது.

அதனால கடையில வாங்கும்போது ரெண்டு முனையிலயும் கண் வச்சு, உலோக உறை போட்டு அழுத்தின ஸ்லிங்கா கேளுங்க. எத்தனை டன் தாங்கும்னு தகடு தொங்கணும். முடிச்சுப் போட்டா பாதிப் பலம் போயிடும். ஒரு புரி கயித்தை ஒரு முழுச் சுத்து சுத்தி வர்ற நீளத்துக்குள்ள பத்து இழை அறுந்திருந்தாலோ, ஒரே புரியில அஞ்சு அறுந்திருந்தாலோ அதைத் தூக்கிப் போட்டுடணும். மடிஞ்சு முறுகினதும், புரி பிரிஞ்சு கூடு மாதிரி உப்பினதும் அப்படியே. தடவிப் பாக்க தோல் கையுறை வேணும். அறுந்த இழை ஊசி மாதிரி ஏறும்.

டிராக்டர்ல கீழே இருக்கிற இழுவைக் கம்பியிலதான் மாட்டணும். பின் அச்சுக்கு மேல கட்டினா முன்சக்கரம் தூக்கி, வண்டி டிரைவர் மேலயே கவிழும்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். தெருவுல மரம் இழுக்கும்போது சுத்தி நின்னு செல்போன்ல படம் எடுக்குறீங்க. இறுக்கத்துல இருக்கிற கம்பிக்கயிறு அறுந்தா சாட்டையா திரும்பி வரும்; விலக நேரம் இருக்காது. கயிறு எவ்வளவு நீளமோ அதுல ஒண்ணரை மடங்கு தூரம் தள்ளி நில்லுங்க. புள்ளைங்களை வீட்டுக்குள்ள அனுப்புங்க.

நல்ல கயிறு வச்சிருக்கிறவர் மணிக்கு நூறு ரூபா கூடக் கேப்பார். பேரம் பேசாம குடுங்க. பேரம் பேசினா அவரும் அடுத்த தடவை பழைய கயித்தோடதான் வருவார்.